கறுப்புக்குள்ள ஒளிஞ்சிருந்த சாம்பல்

என் முயல் மைனா குட்டி போட்ட அன்னைக்குக் காலைல பெட்டிக்குள்ள மெதுவா கைய விட்டு எண்ணிப் பார்த்தேன், ஏழு. முயல் குட்டி பிறக்கும்போது உடம்புல முடியே இருக்காது, கண்ணும் மூடியேதான் இருக்கும். அம்மா தன்னோட நெஞ்சு முடியப் பிய்ச்சுப் போட்டுக் கட்டி வச்சிருந்த மெத்தைக்குள்ள ஏழும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கிடந்து வெதுவெதுன்னு இருந்துச்சு. ஒவ்வொண்ணா எடுத்து வயிறு நிரம்பியிருக்கான்னு பார்த்துட்டு திரும்ப வச்சேன். அப்பதான் கவனிச்சேன், நாலு குட்டியோட தோல் நல்ல கறுப்பு, ரெண்டு குட்டி ஸ்லேட்டு பலகைய ஈரத்துணியால துடைச்சா எப்டி இருக்குமோ அந்த மாதிரி ஒரு சாம்பல், கடைசி ஒண்ணு முழுக்க ரோஸ். மத்த ஆறுக்கும் மூடியிருக்குற இமைக்கு அடில கறுப்பா ஒரு நிழல் தெரிஞ்சுது, உள்ள இருக்குற கண்ணோட நிறம் அது. ரோஸ் குட்டிக்கு அந்த நிழலே இல்ல.

நாலாவது நாள் வெல்வெட் மாதிரி முடி எட்டிப் பார்க்க ஆரம்பிச்சதும் சந்தேகமே இல்லாம போச்சு. நாலு கறுப்பு, ரெண்டு சாம்பல் (முயல் வளர்க்கிறவங்க இத ப்ளூன்னு சொல்வாங்க, நிஜத்துல ஈயத்தோட நிறம்), ஒண்ணு பால் வெள்ளை. பதினோராவது நாள் கண்ணத் திறந்தப்ப வெள்ளைக் குட்டிக்கு செக்கச்செவேல்னு சிவப்புக் கண்ணு.

இதுல என்ன விஷயம்னா மைனாவும் கறுப்பு, அப்பன் சுப்புவும் கறுப்பு. ரெண்டும் மூக்கு நுனிலருந்து வால் வரைக்கும் ஒரு வெள்ளை முடி கூட இல்லாத கறுப்பு.

முயல் குடுத்தவருக்கு போன் பண்ணி சந்தோஷமா சொன்னேன். அவரு கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் "தம்பி, நான் உனக்குக் குடுத்தது சுத்தமான கறுப்பு லைன், கறுப்புக்குக் கறுப்புதான் பிறக்கும், வேற எதோ ஆண் உள்ள புகுந்திருக்கு, நீ கவனிச்சிருக்க மாட்ட"ன்னு சொல்லிட்டாரு. எதிர் வீட்டு அக்கா குட்டிகளப் பார்க்க வந்தப்பவும் அதே பேச்சுதான், "உன் மைனா எங்கயோ போயிட்டு வந்திருக்குடா"ன்னு. மைனா இருக்குற கூண்டுக்கு பூட்டு உண்டு, சுப்புவத் தவிர வேற ஆண் முயல அது கண்ணால கூட பார்த்ததில்ல. ஆனா அதவிட எனக்கு மனசுல உறுத்துனது வேற. யாருமே சுப்புவப் பார்த்து சந்தேகப்படல, குட்டி வேற கலர்ல பிறந்தா உடனே பழி தாய் மேலதான் விழுது. இது முயலுக்கு மட்டும் நடக்கிற அநியாயம் இல்லன்னு உங்களுக்கும் தெரியும். அதனாலதான் இத உக்காந்து எழுதுறேன், ஏன்னா அந்த ரெண்டு சாம்பலும் ஒரு வெள்ளையும் மைனாவுக்கும் சுப்புவுக்கும் பிறந்ததுங்கதான், அதுல ரெண்டு பேருக்கும் சரிபாதி பங்கு இருக்கு.

ஸ்கூல்ல ஓங்கு பண்பு ஒடுங்கு பண்புன்னு படிச்சிருப்போம், பட்டாணிச் செடி, நெட்டை குட்டை, ஒரு கட்டம் போட்டு நாலு பொட்டி வரைஞ்சு மார்க் வாங்கிட்டு மறந்துருப்போம். டாமினன்ட், ரிசஸிவ்னு சொன்னா இன்னும் நிறைய பேருக்குப் புரியும். கதை என்னன்னா ஒவ்வொரு குட்டிக்கும் ஒவ்வொரு ஜீனும் ரெண்டு காப்பி வரும், அம்மாகிட்டருந்து ஒண்ணு அப்பாகிட்டருந்து ஒண்ணு. அந்த ரெண்டு காப்பியும் ஒரே மாதிரி இருக்கணும்னு கட்டாயம் இல்ல, ஒண்ணு நல்லா வேலை செய்யும், இன்னொண்ணு எழுத்துப் பிழையோட இருக்கும்.

முடிக்கு நிறம் குடுக்குறது மெலனின். அதுல ரெண்டு வகை, ஒண்ணு கறுப்பு-பழுப்பு பக்கம் போறது, இன்னொண்ணு சிவப்பு-மஞ்சள் பக்கம் போறது. ரெண்டையும் தயாரிக்கிறதுக்கு முதல் படில டைரோசினேஸ்னு ஒரு என்சைம் வேணும். அந்த என்சைமுக்கான ஜீன் ஒரு காப்பி கெட்டுப் போயிருந்தாலும் இன்னொரு காப்பி தனியாவே தேவையான அளவு என்சைம் செஞ்சு தள்ளிடும், அதனால வெளில பார்க்கிறப்ப முயல் முழுக் கறுப்பு, உள்ள ஒரு கெட்ட காப்பி இருக்குன்னு எந்தக் கொம்பனாலயும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ரெண்டு காப்பியும் கெட்டதா வந்து சேர்ந்தாதான் என்சைம் இல்ல, நிறம் இல்ல, முடி வெள்ளை, கண்ணுல ரத்த ஓட்டம் அப்படியே சிவப்பா தெரியும். ரிசஸிவ்னா இவ்வளவுதான். இதுல பலவீனம் தாழ்வுன்னு எதுவும் இல்ல, ஜோடி சேராம வெளில தெரியாதுங்கிறது மட்டும்தான்.

சாம்பலோட கதை இன்னும் அழகு. அந்தக் குட்டிங்களுக்கு கறுப்பு நிறம் தயாராகுது, குறைவில்லாம தயாராகுது. ஆனா தயாரான நிறத்த முடிக்குள்ள சீரா பரப்பி விடுறதுக்கு மெலனோஃபிலின்னு ஒரு புரதம் வேணும், அது ரெண்டு காப்பியும் கெட்டிருந்தா நிறம் அங்கங்க கட்டி கட்டியா தேங்கிடும், நடுவுல காலியா விட்டுப்போகும், நம்ம கண்ணுக்கு அது சாம்பலா தெரியுது. கோலம் போடுறப்ப ஒரே பொடிய ஒருத்தர் சீரா தூவுறதுக்கும் இன்னொருத்தர் கை நடுங்கி குவியல் குவியலா விடுறதுக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. பூனைலயும் நாய்லயும் கூட நீலச் சாம்பல் நிறத்துக்குக் காரணம் இதே ஜீன்தான்.

இப்ப மைனாவையும் சுப்புவையும் எடுத்துக்கங்க. வெள்ளைக் குட்டி பிறந்திருக்குன்னா ரெண்டு பேர்கிட்டயும் தலா ஒரு கெட்ட டைரோசினேஸ் காப்பி இருந்தே ஆகணும். சாம்பல் குட்டி பிறந்திருக்குன்னா ரெண்டு பேர்கிட்டயும் தலா ஒரு கெட்ட மெலனோஃபிலின் காப்பி இருந்தே ஆகணும். ஒருத்தர்கிட்ட மட்டும் இருந்தா நடக்கவே நடக்காது. அம்மா ஒரு சீட்டு, அப்பா ஒரு சீட்டு, ரெண்டும் ஒரே சீட்டா இருந்தாதான் அந்த நிறம். எதிர் வீட்டு அக்காகிட்ட இதத்தான் சொன்னேன், "அக்கா, அந்த வெள்ளைக் குட்டிதான் சுப்பு கேரியர்ங்கிறதுக்கு சாட்சி"ன்னு. (கேரியர்னா கெட்ட காப்பி ஒண்ண வெளில தெரியாம சுமக்கிறவன்.)

கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு குட்டியும் வெள்ளையா வர்றதுக்கு நாலுல ஒரு வாய்ப்பு, மிச்சம் முக்கால் பங்கு நிறத்தோட பிறக்கும். அந்த முக்கால்ல நாலுல மூணு கறுப்பு, நாலுல ஒண்ணு சாம்பல். மொத்தமா 16 பங்கா பிரிச்சா கறுப்பு 9, சாம்பல் 3, வெள்ளை 4. வெள்ளை ஏன் 4னா, உள்ள கறுப்புக்கான ஜீன் இருந்தாலும் சாம்பலுக்கான ஜீன் இருந்தாலும் நிறமே தயாராகாதப்ப ரெண்டும் ஒரே வெள்ளைதான், வெளில பிரிச்சுப் பார்க்க முடியாது. (இந்த வரிய ஞாபகம் வச்சுக்கங்க, கடைசில இதுக்குத் திரும்ப வருவேன்.) ஏழு குட்டிக்கு இந்தக் கணக்கப் போட்டா ஏறக்குறைய 4 கறுப்பு, 1 சாம்பல், 2 வெள்ளை வரணும், எனக்கு வந்தது 4, 2, 1. இதுல எங்க கள்ளத்தனம் இருக்கு?

ஆனா ஒண்ணு, நாலுல ஒண்ணுன்னா நாலு குட்டி போட்டா ஒண்ணு கண்டிப்பா வெள்ளைன்னு நினைச்சுடக் கூடாது. ஒவ்வொரு குட்டிக்கும் சீட்டு புதுசா குலுக்கப்படுது, முன்னாடி என்ன விழுந்துச்சுங்கிறது அடுத்த குட்டிக்குத் தெரியாது. அதனாலதான் கேரியரா இருக்குற ஒரு ஜோடி ரெண்டு மூணு ஈத்து முழுக்கக் கறுப்பாவே போட்டுட்டு நாலாவது ஈத்துல திடீர்னு வெள்ளையப் போடும், "இத்தனை நாள் வராதது இப்ப எப்டி வந்துச்சு"ன்னு மறுபடியும் தாய் மேல பழி.

நம்ம மனசுல ஆழமா பதிஞ்சிருக்கிறது பெயிண்ட் கலக்குற கணக்கு, கறுப்பும் வெள்ளையும் சேர்ந்தா சாம்பல், அதுல இன்னும் கறுப்பு சேர்த்தா வெள்ளை கரைஞ்சு காணாம போயிடும்ங்கிற எண்ணம். 19-ம் நூற்றாண்டுல பெரிய பெரிய அறிவாளிங்களே அப்படித்தான் நினைச்சாங்க. மெண்டல் எட்டு வருஷம் பட்டாணி வளர்த்து 1866-ல அப்படிக் கரையாதுன்னு எழுதி வெளியிட்டாரு, யாரும் பெருசா கண்டுக்கல, அவர் செத்து 16 வருஷம் கழிச்சு 1900-ல தான் மூணு பேர் தனித்தனியா அதே முடிவுக்கு வந்து அவரத் தூசி தட்டி எடுத்தாங்க. அப்பவும் "இது செடிக்கு சரி, உயிருள்ள விலங்குக்கு ஒத்து வருமா"ன்னு ஒரு கேள்வி இருந்துச்சு. அதுக்கு பதில் சொன்னது எலியோட முடி நிறம்தான். 1902-ல லூசியன் குயேனோன்னு ஒரு ஃபிரெஞ்சுக்காரர் சாம்பல் எலியையும் வெள்ளை எலியையும் சேர்த்தாரு, குட்டி எல்லாம் சாம்பல், அந்தக் குட்டிகளுக்குள்ள சேர்த்தப்ப மூணு சாம்பலுக்கு ஒரு வெள்ளைங்கிற கணக்குல வெள்ளை திரும்ப வந்துச்சு, கொஞ்சம் கூட அழுக்காகாத சுத்த வெள்ளை. ஒரு தலைமுறை முழுக்க சாம்பலுக்குள்ள இருந்துட்டு கறை படாம வெளில வருதுங்கிறத முதல்ல படிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு, இப்பவும் அப்படித்தான்.

அதே குயேனோதான் 1905-ல இன்னொரு விசித்திரத்தையும் எழுதினாரு. மஞ்சள் எலின்னு ஒரு வகை, அதுல மஞ்சள்தான் டாமினன்ட். மஞ்சளையும் மஞ்சளையும் சேர்த்தா மூணு மஞ்சளுக்கு ஒரு வேற நிறம்னு வரணும், அவருக்கு மஞ்சள் அதவிடக் குறைவாத்தான் வந்துச்சு. எத்தனை தலைமுறை பார்த்தாலும் மஞ்சள் குட்டி மட்டுமே போடுற ஒரு மஞ்சள் எலி கூட கிடைக்கல. 1910-ல காஸில், லிட்டில்னு ரெண்டு பேர் காரணத்தச் சொன்னாங்க, ரெண்டு காப்பியும் மஞ்சளா வந்த கரு வயித்துக்குள்ளயே செத்துப் போகுது, கால்வாசி குட்டி பிறக்கவே இல்ல. யோசிச்சுப் பாருங்க, நிறம்ங்கிற விஷயத்துல அந்த ஜீன் டாமினன்ட், ஒண்ணு இருந்தாலே மஞ்சள். உயிர் போறதுங்கிற விஷயத்துல அதே ஜீன் ரிசஸிவ், ரெண்டு இருந்தாதான் சாவு. ஒரே ஜீனு, நீங்க எதப் பார்த்துக் கேக்குறீங்களோ அதுக்குத் தகுந்த மாதிரி பதில் மாறுது.

இதுலருந்துதான் நான் எல்லார்கிட்டயும் அடிச்சு சொல்ற விஷயம் வருது. கறுப்பு டாமினன்ட், வெள்ளை ரிசஸிவ்னு பொதுவா யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. நிறத்துக்கு டாமினன்ட் ரிசஸிவ் கிடையாது, எந்த ஜீன்ல எந்த ரெண்டு காப்பி சந்திக்குதுங்கிறதுக்குத்தான் அது. என் முயல்ல வெள்ளை ரிசஸிவ். செம்மறி ஆட்டுல பல இனத்துல வெள்ளைதான் டாமினன்ட், கறுப்பு அடில ஒளிஞ்சிருந்து நூறு வெள்ளை ஆட்டுக்கு நடுவுல ஒரு கறுப்புக் குட்டியா வந்து நிக்கும். குதிரைல வயசாக ஆக வெளுக்குற ஒரு வகை இருக்கு, பிறக்கும்போது கறுப்பாவோ செவலையாவோ இருக்கும், வருஷம் போகப் போக நரைச்சு வெள்ளைக் குதிரையாவே ஆயிடும், அது டாமினன்ட். ஒரு சின்ன டிஎன்ஏ துண்டு ரெட்டிப்பானதுதான் அதுக்குக் காரணம்னு 2008-ல கண்டுபிடிச்சாங்க, அந்தக் குதிரைங்களுக்கு தோல்ல மெலனோமா கட்டி வர்ற வாய்ப்பும் அதிகம்ங்கிறது வருத்தமான விஷயம். பூனைல உடம்பு முழுக்க வெள்ளையாக்குற ஒரு ஜீன் உண்டு, அதுவும் டாமினன்ட், அந்த வெள்ளைல காது கேக்காத பூனைங்களும் நிறைய.

கறுப்பும் அதே மாதிரிதான். லாப்ரடார்ல கறுப்பு டாமினன்ட், கறுப்பு அம்மா கறுப்பு அப்பாவுக்கு மஞ்சக் குட்டி பிறக்கும், ஆனா ரெண்டு மஞ்ச லாப்ரடாருக்குக் கறுப்புக் குட்டி பிறக்காது. பூனைல தலைகீழ், அங்க வரிவரியா இருக்குறதுதான் டாமினன்ட், முழுக் கறுப்பு ரிசஸிவ், அதனால வரிப்பூனை ஜோடிக்கு நடுவுல கன்னங்கறேல்னு ஒரு குட்டி வந்தா ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல. டாமினன்ட்னா அதிகமா இருக்கும்னு நினைக்கிறதும் தப்பு, ஒரு கூட்டத்துல எது எத்தனை இருக்குங்கிறது அந்த ஜீன் எத்தனை பேர்கிட்ட இருக்குங்கிறதப் பொறுத்தது. கோல்டன் ரெட்ரீவர் மொத்த இனமுமே ஒரு ரிசஸிவ் நிறம்தான், அதுல வேற காப்பியே மிச்சம் இல்ல, அதனால எல்லாமே தங்க நிறம். அந்த ஜீனுக்குப் பேரு எம்சி1ஆர். நாய்க்கு மஞ்சள், குதிரைக்கு செவலை, மாட்டுக்கு செவலை, மனுஷனுக்கு செம்பட்டை முடி, இத்தனைக்கும் ஒரே ஜீனோட வெவ்வேற பிழைங்கதான் காரணம்.

அப்ப சந்தேகமே படக் கூடாதான்னா, படலாம், சரியான இடத்துல படுங்க. ரிசஸிவ் நிறம் எத்தனை தலைமுறை வேணா ஒளிஞ்சு வரலாம். டாமினன்ட் நிறம், நிறமே தயாராகாத வெள்ளை மாதிரி வேற ஜீன் மேல மூடலன்னா, ஒளியாது, அது குட்டில இருக்குன்னா அம்மா அப்பா யாராவது ஒருத்தர்கிட்ட தெரிஞ்சே ஆகணும். ரெண்டு செவலைக் குதிரைக்குக் கறுப்புக் குட்டி, ரெண்டு சிவப்புக் கண்ணு வெள்ளை முயலுக்கு நிறத்தோட குட்டி, ரெண்டு ப்ளூ முயலுக்குக் கறுப்புக் குட்டி, இதுலதான் "இரு, பதிவேட்ட எடு"ன்னு கேக்கணும். பூனைலயும் நாய்லயும் ஒரே ஈத்துக் குட்டிங்களுக்கு ரெண்டு மூணு அப்பா இருக்கிறதும் நடக்கிறதுதான், அங்க சந்தேகத்துக்கு இன்னும் இடம் உண்டு. என் கறுப்பு ஜோடி விஷயத்துல இடமே இல்ல.

கேரியரா இல்லையான்னு தெரிஞ்சுக்க இப்ப டிஎன்ஏ டெஸ்ட் இருக்கு, கொஞ்சம் முடி வேரோட பிடுங்கி அனுப்புனா போதும். அதுக்கு முன்னாடி மாடு வளர்க்கிறவங்க ஒரு வழி வச்சிருந்தாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி. ஆங்கஸ் மாட்டுல கறுப்பு டாமினன்ட், செவலை ரிசஸிவ். ஒரு கறுப்புக் காளைக்குள்ள செவலை ஒளிஞ்சிருக்கான்னு தெரியணும்னா அத செவலைப் பசுங்களோட சேர்க்கணும். பசு கண்டிப்பா செவலைக் காப்பி மட்டும்தான் குடுக்கும், அதனால கன்னுக்குட்டியோட நிறம் காளை என்ன குடுத்துச்சுன்னு அப்படியே காட்டிக் குடுத்துடும். ஒரே ஒரு செவலைக் கன்னு விழுந்தா முடிஞ்சுது, காளை கேரியர். கறுப்புக் கன்னா விழுந்தா உடனே தீர்ப்பு சொல்ல முடியாது, கேரியரா இருந்தும் அதிர்ஷ்டத்துல கறுப்பாவே விழலாம். ஒவ்வொரு கறுப்புக் கன்னுக்கும் அந்த அதிர்ஷ்டம் பாதி பாதியா குறையும், 5 கன்னுல 32-ல ஒண்ணு, 7 கன்னு வரிசையா கறுப்புன்னா 128-ல ஒண்ணு. அதாவது இருக்குன்னு நிரூபிக்க ஒரு கன்னு போதும், இல்லன்னு சொல்ல ஏழு வேணும், அப்பவும் நூத்துக்கு நூறு கிடையாது. "சுத்தமான கறுப்பு லைன்"னு போன்ல அவ்வளவு உறுதியா சொன்னாரே, அதுக்குப் பின்னாடி இந்த மாதிரி ஒரு கணக்காவது இருந்திருக்கணும்னுதான் என் ஆதங்கம்.

தாய் மேல பழி போடுறதுக்கு பழைய காலத்துல ஒரு கோட்பாடே இருந்துச்சு தெரியுமா. ஒரு பெண் விலங்கு முதல்ல எந்த ஆணோட சேருதோ அதோட சாயல் பின்னாடி வேற ஆணுக்குப் பிறக்கிற குட்டிங்கள்லயும் வரும்னு நம்புனாங்க. அதுக்கு பெரிய ஆதாரமா காட்டுனது லார்ட் மார்ட்டன்னு ஒருத்தரோட செவலைப் பெண் குதிரைய. அது முதல்ல குவாகாங்கிற வரிக்குதிரை இனத்தோட சேர்ந்து ஒரு கலப்புக் குட்டி போட்டுச்சு, அப்புறம் ஒரு கறுப்பு அரேபியக் குதிரைக்குப் பிறந்த குட்டிங்களுக்கும் கால்ல கோடு இருந்துச்சுன்னு 1821-ல பதிவாச்சு. டார்வினே இத நம்புனாரு. 1890-கள்ல ஸ்காட்லாந்துல காஸர் யூவர்ட்னு ஒரு பேராசிரியர் நிஜமாவே ஒரு ஆண் வரிக்குதிரைய வாங்கி வச்சு, பெண் குதிரைங்களோட சேர்த்து, அப்புறம் அதே பெண் குதிரைங்களை சாதாரண ஆண் குதிரையோட சேர்த்துப் பார்த்தாரு, வரிக்குதிரையோட சாயல் ஒண்ணும் ஒட்டல. கால்ல லேசா கோடு போட்ட குட்டி வரிக்குதிரைய கண்ணுல கூட பார்க்காத குதிரைங்களுக்கும் பிறக்கத்தான் செய்யும், அது குதிரைக்குள்ளயே ஒளிஞ்சிருக்கிற பழைய நிறம். எழுபது எண்பது வருஷம் அந்தப் பெண் குதிரை மேல தேவையில்லாம ஒரு கதை சுமத்தி வச்சிருந்தாங்க.

எல்லா நிறமும் இப்படி கறாரா மேல கீழன்னு பிரியாதுங்கிறதையும் சொல்லிடணும். குதிரைல க்ரீம்னு ஒரு ஜீன், செவலைக் குதிரைக்கு ஒரு காப்பி வந்தா தங்க நிற உடம்பு வெள்ளைப் பிடரின்னு பலோமினோ ஆகும், ரெண்டு காப்பி வந்தா நீலக் கண்ணோட கிட்டத்தட்ட வெள்ளையாவே வெளுத்துடும். அதனால பலோமினோவ பலோமினோவோட சேர்த்தா பாதிதான் பலோமினோ, கால் பங்கு செவலை, கால் பங்கு வெளிர். நாய்ல மெர்ல்னு சொல்ற பளிங்குத் திட்டு நிறமும் ஒரு காப்பில அழகு, ரெண்டு காப்பில காதும் கண்ணும் போற ஆபத்து இருக்கு. மெர்ல் நாயையும் மெர்ல் நாயையும் தெரிஞ்சே சேர்த்து குட்டி எடுக்கிறவங்களப் பார்த்தா எனக்குக் கோவம் வரும், நாலுல ஒரு குட்டிக்கு அந்தத் தலையெழுத்தக் குடுக்கிறோம்னு தெரிஞ்சும் நிறத்துக்காகப் பண்றது மன்னிக்கிற விஷயம் இல்ல. மூணு நிறப் பூனை தனிக் கதை, அதுல ஆரஞ்சு ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல உக்காந்திருக்கு, பெண் பூனையோட ஒவ்வொரு செல்லும் ரெண்டு எக்ஸ்ல ஒண்ண அணைச்சு வச்சுக்கும், அணைச்சது எதுங்கிறதப் பொறுத்து ஒரு திட்டு ஆரஞ்சு ஒரு திட்டு கறுப்பு, அதனாலதான் மூணு நிறப் பூனை அநேகமா எல்லாமே பெண்.

க்ரீம் குதிரையப் பத்தி சொன்னேன்ல, அதே ஜீன்தான் வெள்ளைப் புலிலயும் மாறியிருக்குன்னு 2013-ல வந்த ஆராய்ச்சி சொல்லுது. குதிரைல ஒரு காப்பி இருந்தாலே வெளில தெரிஞ்சுடும், புலில ஒரு காப்பி இருந்தா சுத்தமா தெரியாது, ரெண்டு வேணும். 1951-ல ரீவா மகாராஜா மார்த்தாண்ட் சிங் பிடிச்ச மோகன்ங்கிற வெள்ளைப் புலிக்குட்டி வளர்ந்ததும் பேகம்ங்கிற சாதாரணப் பெண் புலியோட சேர்த்தாங்க, பிறந்த எல்லாமே சாதாரணப் புலி நிறம். வெள்ளை போயிடுச்சுன்னுதான் யாருக்கும் தோணியிருக்கும். ஆனா அந்தக் குட்டிங்க ஒவ்வொண்ணுக்குள்ளயும் மோகனோட ஒரு காப்பி கண்டிப்பா இருந்துச்சு. அதுல ராதான்னு ஒரு பெண்ண அப்பன் மோகனோடயே சேர்த்தாங்க, 1958-ல நாலு குட்டி, நாலும் வெள்ளை. கணக்குப்படி பாதிதான் வெள்ளையா வரணும், நாலும் வெள்ளையா வர்றதுக்கு 16-ல ஒரு வாய்ப்பு, அது நடந்துச்சு. ஆனா அப்பனுக்கு மகளக் கட்டி வைக்கிற இந்த வழில திரும்பத் திரும்பப் போனா நிறத்துக்கான காப்பி மட்டும் ஜோடி சேராது, ஒளிஞ்சிருக்கிற மத்த பிழைங்களும் சேர்ந்தே ஜோடி சேரும். உயிரியல் பூங்கால வெள்ளைப் புலியப் பார்க்கிறப்ப அழகுல சொக்கிப் போறோம், அந்த வம்சத்துல குறையோட பிறந்ததுங்களையும் நினைச்சுப் பார்க்கணும்.

அதனாலதான் என் வெள்ளைக் குட்டி பெருசானதும் அண்ணன் தம்பியோட சேர்க்கக் கூடாதுங்கிறதுல உறுதியா இருந்தேன். பேரு முல்லை வச்சேன். ஆறு மாசம் தாண்டி நல்லா எடை போட்டப்புறம், கொஞ்சமும் ரத்த சம்பந்தம் இல்லாத ஒரு ஆண் முயல நண்பன் ஒருத்தன்கிட்டருந்து கொண்டு வந்தேன். அது ப்ளூ. நண்பன் கேட்டான், "மச்சான், வெள்ளையும் சாம்பலும் சேர்ந்தா குட்டி என்ன கலருடா வரும், வெளிர் சாம்பலா?" நான் சொன்னேன், கறுப்பா கூட வரலாம்னு. அவன் நம்பல.

ஏன்னா முல்லையோட வெள்ளைக்கு அடில என்ன எழுதியிருக்குன்னு யாருக்கும் தெரியாது. அவ அம்மா அப்பா ரெண்டு பேர்கிட்டயும் சாம்பல் காப்பி ஒண்ணு, நல்ல காப்பி ஒண்ணு. அவளுக்கு ரெண்டும் நல்லதா வந்திருக்கலாம், ஒண்ணு நல்லது ஒண்ணு சாம்பலா இருக்கலாம், ரெண்டும் சாம்பலா இருக்கலாம், எல்லாத்தையும் வெள்ளை மூடிடுச்சு. ப்ளூ முயல் சாம்பல் காப்பி மட்டும்தான் குடுக்கும், செவலைப் பசு மாதிரி. அதனால முல்லை என்ன குடுக்குறான்னு குட்டிங்க காட்டிக் குடுத்துடும்.

முப்பத்தோராவது நாள் ராத்திரி போட்டா, ஆறு குட்டி. காலைல பெட்டியத் திறந்து முடி மெத்தைய விலக்கினேன், ஆறும் மை மாதிரி கறுப்பு. சாம்பல் இல்ல, ரோஸ் இல்ல. ஆறு பேருக்கும் மூடின இமைக்கு அடில அந்தக் கறுப்பு நிழல் இருந்துச்சு. நாலு நாள் பொறுத்து முடி வந்ததும் நண்பனக் கூப்பிட்டுக் காட்டினேன், ஒரு குட்டிய எடுத்து உள்ளங்கைல வச்சுக்கிட்டு அப்பன ஒரு தடவ பார்க்கிறான், முல்லைய ஒரு தடவ பார்க்கிறான், குட்டியப் பார்க்கிறான். முல்லை கிட்ட ஒரு சாம்பல் காப்பி இருந்திருந்தா ஆறும் கறுப்பா வர்றதுக்கு 64-ல ஒரு வாய்ப்புதான், அதனால அவகிட்ட ரெண்டுமே நல்ல காப்பியா இருக்கும்னு ஓரளவு தைரியமா சொல்லலாம். மைனாவோட கறுப்பும் சுப்புவோட கறுப்பும் அந்த வெள்ளைக்குள்ள பத்திரமா இருந்திருக்கு.

பால் மறந்ததும் ரெண்டு குட்டிய நண்பன் எடுத்துக்கிட்டான். கூடைல வைக்கும்போது "இது சுத்தமான கறுப்புதானே?"ன்னு கேட்டான். ஒரு பேப்பர்ல எழுதி கூடைக்குள்ள வச்சு அனுப்பினேன்: ரெண்டும் பார்க்கக் கறுப்பு, ரெண்டுகிட்டயும் அம்மா குடுத்த வெள்ளை ஒண்ணு இருக்கு, அப்பா குடுத்த சாம்பல் ஒண்ணு இருக்கு, நாளைக்கு எந்தக் கலர் பிறந்தாலும் தாய திட்டாத.